அந்த வெள்ளை எங்கே போயிற்று?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த வேளையில் வார்டுகளில் நடந்த காரியங்களையும், சுகம் பெற்று வீடு திரும்பியவர்களின் சாட்சிகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்வோம். இந்த முறை ஒரு மோதிரத்தைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள்.

நாங்கள் இந்த ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு நாள் குழந்தைகள் வார்டில் தெர்மாமீட்டர் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. அந்நாட்களில் அது அடிக்கடி நடக்கிற காரியம்தான். பணியிலிருந்த சிஸ்டர் குனிந்து, தரையில் உருண்டோடிய பாதரசத் துளிகளை விரலாலேயே ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்தார். பிள்ளைகள் கட்டிலை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சிறுவன் தனக்கு ஒரு துளி வேண்டும் என்று கேட்டான். நாங்களும் அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, விளையாட்டுச் சாமான் கொடுப்பதுபோல அவன் கையில் கொடுத்தோம்.

சிறிது நேரத்தில் சிஸ்டர் பதறிக்கொண்டு வந்தார். அவர் விரலில் இருந்த கல்யாண மோதிரம் வெள்ளியைப்போல வெளுத்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த நகை ஆசாரி ஒருவரிடம் போனோம். அவர் பார்த்ததும் சிரித்தார். "ரசம் ஏறியிருக்கிறது, ஐயா. சூடு காட்டினால் போய்விடும்" என்றார். குறட்டால் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் செலுத்தினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மறைந்தது, மஞ்சள் திரும்பியது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மகன், எட்டு ஒன்பது வயதுப் பையன், பலகையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மோதிரம் பழையபடி ஆயிற்று என்ற சந்தோஷத்தில் ஆசாரிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த வெள்ளை எங்கே போயிற்று என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அண்மையில் எங்கள் மருத்துவமனையில் மீதமிருந்த பழைய பாதரச இரத்த அழுத்தக் கருவிகளையும் தெர்மாமீட்டர்களையும் ஒதுக்கிவைத்தபோது அந்த மோதிரம் எங்கள் நினைவுக்கு வந்தது. எங்கள் மருத்துவர்களிடம் கேட்டோம். அவர்கள் கொடுத்ததைப் படித்தோம். அன்று ஒரு மோதிரத்துக்கு நேர்ந்தது, இன்று உலகத்தின் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஆற்றங்கரைகளிலும் காட்டுக் கிராமங்களிலும், தங்கத்துக்காகத் தினந்தோறும் நடக்கிறது என்று அறிந்தோம். அதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

தங்கச் சுரங்கம் என்றால் நம்மில் பலருக்குக் கோலார் தங்கவயல்தான் மனதில் வரும். வடஆற்காட்டுப் பகுதியிலிருந்து நம் ஜனங்கள் திரளாக அங்கே வேலைக்குப் போனார்கள். அது கம்பெனிச் சுரங்கம். பூமிக்குள் மிக ஆழமாகக் குழி இறக்கித் தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அது மூடப்பட்டது. நாங்கள் இப்போது சொல்லுகிற சுரங்கம் அப்படிப்பட்டதல்ல. இங்கே கம்பெனி இல்லை. ஒரு குடும்பம், அல்லது நாலைந்து கூட்டாளிகள், மண்வெட்டி, சட்டி, சாக்கு, முடிந்தால் ஒரு டீசல் பம்ப். இவ்வளவுதான் முதலீடு. இப்படிப் பிழைக்கிறவர்கள் உலகத்தில் ஒரு கோடி முதல் இரண்டு கோடி பேர் வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் 40 முதல் 50 லட்சம் பேர் பெண்களும் பிள்ளைகளும். உலகத்தில் தோண்டி எடுக்கப்படும் தங்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவர்களுடைய கையால் வருகிறது.

இவர்கள் எடுக்கும் மண்ணில் தங்கம் தூள் தூளாகக் கலந்திருக்கும். கண்ணுக்கே தெரியாது. அதைப் பிரித்தெடுக்கச் சுலபமான வழி பாதரசம். அரைத்த மண்ணில் தண்ணீரையும் பாதரசத்தையும் ஊற்றிப் பிசைந்தால், பாதரசம் மற்ற மண்ணை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் பற்றிக்கொள்ளும். அன்று சிஸ்டருடைய மோதிரத்தைப் பற்றிக்கொண்டதே, அதே குணம்தான். பிறகு துணியில் கட்டிப் பிழிவார்கள். அதிகப்படியான பாதரசம் வடிந்துபோக, தங்கமும் ரசமும் சேர்ந்த ஒரு வெள்ளை உருண்டை நிற்கும். அதை நெருப்பில் வைத்துச் சுடுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொதித்து ஆவியாகும். மீதியாக நிற்பது தங்கம்.

இதை எங்கே சுடுகிறார்கள் தெரியுமா? பல இடங்களில் வீட்டு அடுப்பில், சமையல் செய்கிற சட்டியிலேயே சுடுகிறார்கள். அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் இருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற தாய் விசிறிக்கொண்டிருப்பாள். சுட்ட தங்கத்தில் இன்னும் சிறிது ரசம் ஒட்டியிருக்கும். ஆகவே அதை வாங்குகிற கடைக்காரர் ஊர் நடுவில் தம் கடையில் வைத்து மறுபடியும் சுடுவார். அந்தத் தெருவிலே நடக்கிறவர்களும் அதைச் சுவாசிப்பார்கள்.

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2015-ஆம் ஆண்டுக்காகப் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மனிதருடைய செய்கைகளால் அந்த ஒரே ஆண்டில் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,200 டன். அதில் 800 டன்னுக்கும் மேலானது இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. நிலக்கரி எரிப்பதைவிட, பெரிய தொழிற்சாலைகளைவிட, இதுவே முதலிடத்தில் நிற்கிறது. மண்ணோடும் தண்ணீரோடும் கழுவிப் போகிறது இந்தக் கணக்கில் சேரவில்லை.

பாதரச ஆவி நுரையீரல் வழியாக இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. கை நடுங்கும். தூக்கம் கெடும். ஞாபகம் குறையும். காரணமில்லாமல் கோபமும் பயமும் வரும். சிறுநீரகம் பழுதாகும். இவற்றில் ஒன்றும் புண்ணைப்போல வெளியே தெரிகிற வியாதியல்ல. "மனுஷன் குடித்துவிட்டு நடுங்குகிறான்" என்று ஊரார் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆற்றில் விழுந்த பாதரசத்தின் கதை இன்னும் வேறு. அது சேற்றில் படிகிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற வேறொரு விஷமாக மாற்றுகின்றன. அது பாசியிலும் புழுவிலும் ஏறுகிறது. அவற்றைத் தின்கிற சின்ன மீனில் அதிகமாகிறது. சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனில் இன்னும் அதிகமாகிறது. கடைசியில் அந்த மீன் ஒரு குடும்பத்தின் தட்டுக்கு வருகிறது. மீனின் நிறம் மாறாது, ருசி மாறாது, நாற்றமும் இருக்காது.

இந்த விஷம் என்ன செய்யும் என்பதை உலகத்துக்குச் சொன்னது ஒரு மருத்துவமனைதான். ஜப்பான் தேசத்தில் மினமாத்தா என்ற கடற்கரை ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயனக் கம்பெனி 1932 முதல் 1968 வரை மெத்தில் பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. முதலில் ஊர்ப் பூனைகள் பைத்தியம் பிடித்தாற்போல ஆடி விழுந்து செத்தன. பின்பு பிள்ளைகளுக்கு நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. 1956 மே 1-ஆம் தேதி, அந்தக் கம்பெனியின் மருத்துவமனைத் தலைவரான டாக்டர் ஹாஜிமே ஹோசோகாவா இந்தப் புதிய நோயை அரசு சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். 1959-இல் அவர் தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. கம்பெனி அந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டது; முடிவையும் மறைத்துவிட்டது. 1970-இல், தாம் புற்றுநோயாளியாக மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, அந்த மருத்துவர் நீதிமன்றத்துக்கு அந்த உண்மையைச் சாட்சியாகச் சொன்னார். அதே ஆண்டில் மரித்தார். அந்த நோயாளிகளாக 2,200-க்கும் மேற்பட்டோரை ஜப்பான் அரசு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மினமாத்தாவில் மருத்துவர்களைத் திகைக்கவைத்தது ஒரு காரியம். நஞ்சுக்கொடி தாயின் விஷத்தைப் பிள்ளைக்குப் போகவிடாது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். அங்கேயோ, தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை; பிள்ளை மாத்திரம் கைகால் முடங்கி, பார்வையும் பேச்சும் இல்லாமல் பிறந்தது. தாயின் உடலில் இருந்த விஷத்தைப் பிள்ளை தன்மேல் ஏற்றுக்கொண்டிருந்தது. அப்படிப் பிறந்த ஒரு மகளை அவளுடைய பெற்றோர் "எங்கள் பொக்கிஷம்" என்று அழைத்தார்கள். தாயையும், பின்னால் பிறந்த தம்பி தங்கைகளையும் அவள் காப்பாற்றிவிட்டாள் என்பது அவர்களுடைய எண்ணம். குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த எங்களால் இந்த ஒரு செய்தியை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்று அந்த நிலைமை வேறு ஆறுகளில் தலைகாட்டுகிறது. தென் அமெரிக்காவில் பெரு தேசத்தின் மாத்ரே தே தியோஸ் பகுதியில், ஜனங்களின் உடலிலும் அவர்கள் சாப்பிடும் மீனிலும் பாதரசம் மிகுந்திருந்ததால், 2016 மே மாதத்தில் அரசு 11 வட்டாரங்களில் 60 நாள் நெருக்கடி நிலையை அறிவித்தது. பிரேசிலின் அமேசான் காட்டில் யானோமாமி என்ற பழங்குடியார் வாழ்கிறார்கள். அவர்களுடைய நிலத்துக்குள் சட்டவிரோதமாகத் தங்கம் தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் புகுந்தார்கள். மலேரியாவும் பட்டினியும் பரவி, 2023 ஜனவரியில் அரசு சுகாதார நெருக்கடியை அறிவிக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் மீனிலும் ஜனங்களின் தலைமுடியிலும் பாதரசம் கண்டறியப்பட்டது. அந்த மக்கள் தங்கம் தோண்டச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஆறும் மீனும்தான். அவர்களிடம் போய் "மீன் சாப்பிடாதே" என்று சொன்னால், வேறு எதைச் சாப்பிடுவார்கள்?

பிரியமானவர்களே, இதைக் கேட்கிறபோது நமக்குள் கோபம் வருகிறது. அந்தச் சுரங்கக்காரர்களை அடித்துத் துரத்த வேண்டும் என்று தோன்றுகிறது. அதையும் செய்து பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் பெரு அரசு ராணுவத்தையும் போலீசையும் அனுப்பி, லா பாம்பா என்ற இடத்தில் இருந்தவர்களை வெளியேற்றியது. அந்த இடத்தில் தோண்டுவது பெருமளவு குறைந்தது. ஆனால் அநேகர் வேறு இடங்களுக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தார்கள். ஏனெனில் துரத்தப்பட்டவனுக்கும் வயிறு இருக்கிறது, கடன் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. 2025 அக்டோபரில் தங்கத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 4,000 டாலரைத் தாண்டியது. விளைச்சல் பொய்த்துப்போன ஒரு விவசாயிக்கு, ஒரு சட்டி மண்ணில் அன்றைய சோறு இருக்கிறது என்றால், அவன் மண்வெட்டியை எடுக்காமல் இருப்பானா?

அவனுக்குப் பாதரசத்தின்மேல் ஆசை இல்லை. அது மலிவு, கையோடு வேலை முடிகிறது, பல ஊர்களில் தங்கம் வாங்குகிறவரே அதையும் கொண்டுவந்து கொடுக்கிறார். அதைவிட நல்ல வழி ஒன்று அவன் கைக்கு எட்டினால்தான் அவன் அதை விடுவான்.

அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. முதலாவது, மூடியுள்ள ஒரு சிறு பாத்திரமும் அதிலிருந்து போகும் ஒரு குழாயும். உருண்டையைத் திறந்த சட்டியில் சுடாமல் அதற்குள் வைத்துச் சுட்டால், ஆவி குழாயில் குளிர்ந்து மறுபடியும் பாதரசமாகச் சொட்டும். பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், மூச்சிலும் ஏறாது. இது முழுத் தீர்வல்ல, ஆனால் அடுப்பருகே இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே உதவும். இரண்டாவது வழி இன்னும் மேலானது. பிலிப்பைன்ஸ் தேசத்தின் வடக்கே பெங்குவெட் என்ற மலைநாட்டில் சிறு சுரங்கக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பாதரசம் இல்லாமலேயே தங்கம் எடுக்கிறார்கள். மண்ணை நன்றாகக் கழுவி, கனமான பொடியைப் பிரித்து, அதோடு போராக்ஸ் சேர்த்து உருக்குகிறார்கள். அது மற்ற தாதுக்களை இளக்கிவிட, தங்கம் அடியில் இறங்கி நிற்கிறது. போராக்ஸ் என்றால் என்ன? நம் ஆசாரிமார் பற்றவைக்கப் பயன்படுத்துகிற வெண்காரம்தான்! எங்களுக்காக அந்த மோதிரத்தைச் சுட்ட ஆசாரியின் பட்டறையிலும் அது இருந்திருக்கும். எல்லா வகை மண்ணுக்கும் இந்த முறை ஒத்துவராது. சொல்லிக்கொடுக்க ஆளும், நன்றாக அரைத்துக் கழுவுவதற்குச் சாதனமும் வேண்டும். ஆனாலும் ஏழைகளே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

தேசங்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2013 அக்டோபரில் ஜப்பானில் கூடி, அந்த மினமாத்தாவின் பெயராலேயே ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 2017 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நம் இந்தியா 2018 ஜூன் மாதத்தில் அதை ஏற்று உறுதிசெய்தது. மருத்துவமனைகளிலிருந்து பாதரசக் கருவிகள் விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிறு தங்கச் சுரங்கங்களைப் பொறுத்தவரை அது பாதரசத்தை ஒரேயடியாகத் தடைசெய்யவில்லை. குறைக்க வேண்டும், முடிந்த இடத்தில் ஒழிக்க வேண்டும் என்கிறது. திறந்த வெளியில் சுடுவதையும், குடியிருப்புகளுக்குள் சுடுவதையும் நிறுத்த, இத்தகைய சுரங்கங்கள் கணிசமாக உள்ள நாடுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. திட்டம் காகிதத்தில் இருக்கிறது. அது அடுப்படி வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

இது தூரதேசத்துக் காரியம், நமக்கென்ன என்று ஒருவரும் எண்ண வேண்டாம். நம்முடைய கொடைக்கானலிலேயே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரச மாசு வெளியே தெரிந்து, 2001-இல் அது மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கும் கம்பெனிக்கும் இடையே உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. தெர்மாமீட்டரை உதறி உதறிப் பயன்படுத்திய காலத்தில், அதைச் செய்த கைகளை நாங்கள் நினைத்ததில்லை.

தங்கமோ, நம் எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் இந்தியர் வாங்கிய தங்கம் சுமார் 800 டன். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. உருக்காலையில் ஆற்றுத் தங்கமும் கம்பெனித் தங்கமும் பழைய நகையும் ஒன்றாக உருகிவிடுகின்றன. அதற்குப் பிறகு எது யாருடைய கையிலிருந்து வந்தது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தாவீது ராஜாவின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உங்களுக்குத் தெரியும். பெத்லெகேம் ஊர்வாசலில் இருந்த கிணற்றுத் தண்ணீர்மேல் அவருக்கு ஆசை வந்தது. மூன்று வீரர்கள் பெலிஸ்தருடைய பாளயத்துக்குள் துணிந்து நுழைந்து தண்ணீர் மொண்டு வந்தார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்த மனுஷருடைய இரத்தத்தை அவர் அந்தத் தண்ணீரில் கண்டார். அதைக் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார். அந்த வீரர்களை அவர் இகழவில்லை. அவர்களை மதித்ததினாலேதான் அவரால் அதைக் குடிக்க முடியவில்லை. தங்கம் தோண்டுகிற ஏழையையும் நாம் அப்படியே நினைக்க வேண்டும் என்று உங்களிடம் மன்றாடுகிறோம்.

உங்கள் நகைகளையெல்லாம் கழற்றிப் போடுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மகளின் கல்யாணம் வருகிறதா? பாட்டியின் பழைய நகையை அழித்துச் செய்யுங்கள். புதுத் தங்கம் அத்தனை சவரன் குறையட்டும். கடைக்காரரிடம் "இந்தத் தங்கம் எங்கே இருந்து வருகிறது?" என்று கேளுங்கள். இன்று அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவரும் மேலே கேட்பார். சிறு சுரங்கக்காரருக்கு நியாயமான விலை கொடுத்து, பாதரசத்தைக் கட்டுப்படுத்தி எடுத்த தங்கத்துக்கு 2011 முதல் சான்று வழங்கும் முறை வெளிநாடுகளில் இருக்கிறது. கேட்கிறவர்கள் இருந்தால்தான் அது பெருகும்.

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் இருந்து உடைந்தால், முதலில் விரலிலும் கையிலும் இருக்கிற தங்கத்தைக் கழற்றி வையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். சன்னலைத் திறங்கள். விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் துளிகளைக் கூட்டி, மிச்சத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றாதிருங்கள். பிள்ளை கேட்டாலும் ஒரு துளிகூடக் கொடுக்காதிருங்கள்.

நாங்கள் கொடுத்தோம். அந்தச் சிறுவன் சுகமாகி, மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆசாரியின் மகன் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்திருப்பான். இருவருக்கும் பிற்பாடு என்ன ஆயிற்று என்று நாங்கள் விசாரிக்கவில்லை. தேவன் அவர்களைக் காத்திருப்பார் என்று நம்புகிறோம். ஆனால் அறியாமல் செய்தோம் என்று அன்று சொல்லலாம். இன்று நாங்களும் நீங்களும் அப்படிச் சொல்ல முடியாது.

 நீங்கள் உங்கள் குடும்ப ஜெபத்தில், ஆற்றங்கரையில் அடுப்பை விசிறிக்கொண்டிருக்கிற அந்தத் தாய்மாரையும், அவர்கள் வயிற்றில் இருக்கிற பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.